பூண்டுலோயா மலையில் பின்பாட்டு

தலவாக்கலை புகையிரத நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவில் பூண்டுலோயா பஸ்ஸில் ஏறினால், அதன் பின்னர் கண்ணில் படுவதெல்லாம் தேயிலைதான். பாதை வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் லயங்களின் தகரக் கூரைகள், அவற்றின் நடுவே ஒரு கோவில் கோபுரம், சற்றுத் தள்ளிப் பிள்ளைக் காம்பரா. சேலைக்கு மேல் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண்கள் தூரத்தில் நிறப்புள்ளிகளாகத் தெரிவார்கள். பஸ்ஸுக்குள் ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். புதியவர்களுக்கும் இரண்டு வளைவு கடப்பதற்குள் ஒரு முறை கிடைத்துவிடும்.

பூண்டுலோயா, நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு நகரம். பெயரின் இறுதியில் வரும் 'ஓயா' என்பது ஆற்றைக் குறிக்கும் சிங்களச் சொல். நகரைச் சுற்றி டன்சினேன், ஷீன், ஹெரோ என்று தோட்டங்கள். டன்சினேன் என்பது ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு மலையின் பெயர். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே நட்டுவிட்டுப் போனார்கள். பெயரை அவர்கள் வைத்தார்கள். காட்டை வெட்டியதும் கன்று நட்டதும் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த எங்கள் மூதாதையர்.

டன்சினேன் தோட்டத்தருகே ஓர் அழகான நீர்வீழ்ச்சி உண்டு. அதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருவார்கள். நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டது வேறொன்று. இந்த மலைகளில் மக்கள் கூடிப் பாடும் வழக்கத்தையும், அப்பாட்டை முன்னின்று நடத்துகிறவர்களையும் பற்றியதே இக்கட்டுரை. 'பாடகர் குழு' என்றதும் தேவாலயத்தில் வரிசையாக நின்று பாடும் இளைஞர்களும், முன்னால் நின்று கையசைக்கும் ஒருவரும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். தோட்டத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் அதுவும் உண்டு. ஆனால் அப்பெயர் இல்லாமலே, தலைமுறை தலைமுறையாகக் கூடிப் பாடி வந்த குழுக்கள் லயத்து வாசல்களில் இருந்திருக்கின்றன.

தப்பு ஒன்று, அழைப்பு இரண்டு

மலையகத்தில் பாட்டைப் பற்றிப் பேசுவதாயின் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடியும் முன்னரே தப்படித்துத் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது ஒரு காலம். அந்தச் சத்தம் கேட்டால் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பெயர் இல்லை. அதே தப்புத்தான் சாமி ஊர்வலத்துக்கும், கூத்துக்கும், சாவு வீட்டுக்கும். வேலைக்கு விரட்டிய தோலை, வேலை முடிந்த இரவில் தீயில் காய்ச்சி, தங்களுக்காக அடித்துக்கொண்டார்கள் இம்மக்கள்.

வருடத்துக்கு ஒரு பாட்டுக் கணக்கும் இங்கு உண்டு. மார்கழியில் பனியும் குளிரும் எலும்பைத் துளைக்கும் விடியற்காலையில் பஜனைக் கோஷ்டி லயம் லயமாக வரும். கையில் ஜால்ரா, ஒருவர் கழுத்தில் ஆர்மோனியம் அல்லது டோலக். முன்னால் செல்பவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, பின்னால் சிறுவரும் பெரியவருமாக அதை வாங்கிப் பாடுவார்கள். மார்கழி முடிந்து மாசி வந்தால் காமன் கூத்து. திருவிழாக் காலத்தில் கும்மியும் கோலாட்டமும் கரகமும். இவை எவற்றுக்கும் நுழைவுச் சீட்டு இல்லை, மண்டபம் இல்லை. பாடுகிறவர்கள் எல்லோரும் பகலில் கவ்வாத்து வெட்டியவர்கள், கொழுந்து எடுத்தவர்கள், இஸ்டோரில் வேலை செய்தவர்கள்.

காமன் கூத்து மாஸ்டர்

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் முக்கியமான கூத்துகள். அவற்றுள் காமன் கூத்துத்தான் தோட்டம் முழுவதையும் தன்னுள் இழுத்துக்கொள்வது. மாசி மாதத்தில் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றுவார்கள். நடிக்கிறவர்கள் விரதம் காப்பார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் ஊரறியக் கல்யாணம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் பூங்கணை தொடுக்க, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுவார். ரதி விதவையாகி அழுவாள். இறுதியில் அவளுடைய அழுகைக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படியாகக் காமனுக்கு உயிர் கொடுக்கப்படும்.

இக்கூத்தை நடத்துகிறவரை 'மாஸ்டர்' என்பார்கள். அவருடைய கையில் ஒரு பழைய கொப்பி இருக்கும். அதில் உள்ளதைவிட அதிகம் அவருடைய மனதில் இருக்கும். எந்தக் கட்டத்துக்கு எந்தப் பாட்டு, எந்த இடத்தில் தப்பு தணிய வேண்டும், எங்கே எழும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இசைக் கல்லூரியில் படித்தவர் அல்லர். முன்னைய மாஸ்டரிடம் பின்பாட்டுக்காரராக நின்று கேட்டுப் பழகியவர். அவர் முதல் அடியை எடுப்பார். பின்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அதற்குள் அவர் அடுத்த அடிக்கு மூச்சை நிரப்பிக்கொள்வார். பின்பாட்டு இல்லாவிட்டால் எந்த மாஸ்டராலும் விடிய விடியப் பாட முடியாது.

சகோதரிகளே, இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மன்மதன் எரிந்த பின்னர் ரதி தனியே அழ விடப்படுவதில்லை. அவள் அழுவது பாட்டாக எழும்போது, பின்பாட்டுக்காரர் அந்த வரிகளை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். சுற்றியிருக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களுள் உண்மையிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள். வருடத்தில் ஓர் இரவு, ஒரு பெண்ணின் இழப்பைத் தோட்டம் முழுவதும் விழித்திருந்து கேட்கிறது. யுத்தத்தில் கணவரையோ பிள்ளையையோ இழந்த நமக்கு, இப்படியோர் இரவு எத்தனை பேருக்குக் கிடைத்தது?

ஆனால் ரதியாக வேடம் கட்டி வந்தவர் ஆண் என்பதையும், மாஸ்டராக நின்றவரும் ஆண் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. விதவையின் துயரத்தைப் பாட ஆணுக்கு மேடை இருந்தது. அத்துயரத்தை அனுபவித்தவளுக்கு வாசலோரத்தில் ஒரு சாக்குத்தான் இருந்தது.

பெண்கள் எடுத்துக் கொடுத்த பாட்டு

அப்படியானால் பெண்கள் முன்னின்று பாடியதே இல்லையா? பாடினார்கள். தொட்டிலருகே தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, திருவிழாவில் கும்மி, மலையில் கொழுந்து எடுக்கும்போது பாடும் பாட்டு. கூத்து மாஸ்டருக்குக் கிடைத்த மரியாதையும் பட்டமும் மட்டும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

செக்ரோலில் பெயர் வெட்டிப் பல வருடங்களான ஒரு பாட்டி, லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து விறகுச் சுள்ளி கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம்.

"பாட்டி, மலையில நீங்க பாடுவீங்களா?"

"பாடாம எப்புடி தாயி பொழுது போகும்? ஒருத்தி எடுத்துக் குடுப்பா. நெரையில நிக்கிற மத்தவளுக வாங்கிப் பாடுவோம். கங்காணி தலை தெரிஞ்சா நிப்பாட்டிருவோம்."

"எடுத்துக் குடுக்கிறவங்க ரொம்ப நல்லாப் பாடுவாங்களா?"

பாட்டி சிரித்தார். "அப்புடி இல்ல தாயி. நல்லாப் பாடுறவ தன் தொண்டையையே கேட்டுக்கிட்டு நிப்பா. எடுத்துக் குடுக்கிறவளுக்கு மத்தவ மூச்சு தெரியணும். ஏத்தத்துல கெழவிக்கு எளைக்கும், புள்ளத்தாச்சிக்கு எளைக்கும். அங்க பாட்டைக் கொஞ்சம் இழுத்து நிப்பாட்டணும். அவளுக வந்து சேர்ந்ததும் அடுத்ததை எடுக்கணும்."

குழுவை நடத்துவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. கையசைத்து இசையை நடத்துகிறவர்கள் பெரிய நாடுகளில் பல வருடம் படித்துக் கற்பதும் அடிப்படையில் இதுதான். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் பின்தங்குகிறார், யாருடைய குரல் மற்றவரை அமுக்குகிறது என்று கேட்பது. பாட்டி இதை ஏற்றத்தில் நின்று கற்றுக்கொண்டார்.

இந்தப் பாட்டுகள் காற்றோடு போய்விடாமல் ஓரளவு காப்பாற்றித் தந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவர் 1914இல் பிறந்த மடக்கொம்பரைத் தோட்டம் பூண்டுலோயாவுக்கு அண்மையிலேயே இருக்கிறது. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் நாவலும் எழுதினார். ஆனால் லயங்களில் பாடப்பட்ட பாட்டுகளைத் தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலே இம்மக்களுக்கு அவர் வைத்துவிட்டுப் போன பெரிய சொத்து எனலாம். அது 1983இல் வெளிவந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார். அத்தொகுப்பில் உள்ள பாட்டுகளுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. அவற்றில் பலவற்றைக் கட்டியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மேடை ஏறிய ஒரு குரல்

பெயர் தெரிந்த ஒரு பெண்ணும் இந்த வரலாற்றில் இருக்கிறார். அவர் மீனாட்சி அம்மாள். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, அட்டனைத் தளமாகக் கொண்டு இயங்கினார். தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். மக்களுக்கு முன்பே பழக்கமான மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றிப் பாடினார். அவருடைய பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக 1940இல் வெளிவந்தன.

தெரிந்த மெட்டைத் தெரிவு செய்ததில் ஒரு கெட்டித்தனம் உண்டு. மேடைப் பேச்சைக் கேட்டவர் வீட்டுக்குப் போகும்போது பாதியை மறந்துவிடுவார். பழகிய மெட்டில் வந்த பாட்டு அவருடைய வாயோடு லயத்துக்குப் போய்விடும். அங்கு துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தெரியாமல் இன்னும் பத்துப்பேர் வாய்க்குப் போகும். கண்ணெதிரே இல்லாத ஒரு குழுவை மீனாட்சி அம்மாள் நடத்திக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து வன்னிக்கு

இதை வாசிக்கும் உங்களில் சிலருக்குப் பூண்டுலோயா, தலவாக்கலை, அட்டன் என்ற பெயர்களெல்லாம் தாய் தந்தையர் வாயிலிருந்து கேட்ட பெயர்களாக இருக்கலாம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் இவர்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் கூடிப் பாடியவர்களில் அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று பிரிந்தார்கள். புகையிரத நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுத அழுகை இன்னும் பேசப்படுகிறது. 1970களில் பஞ்சம் வந்தது. 1977இலும் 1983இலும் இனக்கலவரம் வந்தது. அடிபட்டவர்கள் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று வடக்கே போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் போன இடத்தில் யுத்தம் அவர்களைத் தேடி வந்தது. 2009இல் மற்றவர்களோடு அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள்.

இத்தனை ஓட்டத்திலும் கையில் கொண்டுபோக முடிந்தவை கொஞ்சப் பாத்திரங்கள்தாம். பாட்டுக்குப் பாரம் இல்லை. ஆனால் கூடிப் பாடுவதற்குக் கூட்டம் வேண்டுமே. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் இந்தியாவில். முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள் வேறு கிராமத்தில் மீள்குடியேறினாள். எடுத்துக் கொடுக்க ஒருத்தி இருந்தாலும் வாங்கிப் பாட ஆளில்லை.

மலையிலும் இதே மாற்றம் வேறு விதமாக நடக்கிறது. டன்சினேன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 தனி வீடுகள் 2018 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டன. வடக்குக் கிழக்கில் உங்களில் பலருக்குக் கிடைத்த வீடுகளும் அதே இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வந்தவையே. ஒரு காம்பராவில் ஒன்பது பேர் படுத்த மக்களுக்குத் தனி வீடு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. லயத்துக்கு ஏங்க யாருக்கும் காரணமில்லை. ஆயினும் லயத்து வாசல் என்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஒருத்தி பாடினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். யாரும் கூப்பிடாமலே கூட்டம் சேரும். இன்று தனித்தனி வீட்டுக்குள் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பாடுகின்றன. இனிக் கூடிப் பாட வேண்டுமானால், கூடுவது என்று முடிவெடுத்துத்தான் கூட வேண்டும்.

முடிவெடுத்துக் கூடியவர்கள்

அப்படி முடிவெடுத்துக் கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எம்.பி. சீனிவாசன் என்ற இசையமைப்பாளர் 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் இசைக்குழுவை உருவாக்கினார். மேடைக் கச்சேரிக்காரர்களைத் தேடாமல், பாட விரும்பிய சாதாரண மக்களைச் சேர்த்துக்கொண்டு, பாரதியார் பாடல்களைப் பல குரல்கள் இணைந்து பாடும் விதத்தில் அமைத்தார். ஆயிரக்கணக்கான பாடசாலைப் பிள்ளைகளை ஒரே மைதானத்தில் ஒரே குரலாகப் பாட வைத்தவர் அவர். 1988 மார்ச்சில் இலட்சத்தீவில் இருந்தபோதே காலமானார். அவருக்கு முன்னரே, 1958இல் கல்கத்தா இளைஞர் இசைக்குழுவைத் தொடங்கி நீண்ட காலம் நடத்தியவர் ரூமா குகா தாகுர்த்தா என்ற பெண்மணி.

நம் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் சுமாத்ராவைக் கைப்பற்றியபோது, ஐரோப்பிய, அவுஸ்திரேலியப் பெண்களும் பிள்ளைகளும் பாலெம்பாங் நகரில் ஒரு முகாமில் அடைக்கப்பட்டார்கள். பசி, மலேரியா, அழுக்குத் தண்ணீர். புருஷன்மார் எங்கே என்று தெரியாது. அங்கு மார்கரெட் டிரைபர்க் என்ற மிஷனரிப் பெண்ணும், இசை படித்த நோரா சேம்பர்ஸ் என்ற பெண்ணும் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை. ஒருத்திக்கு டச்சு மொழி, இன்னொருத்திக்கு ஆங்கிலம். ஆகவே சொற்களை விட்டுவிட்டு, வாத்தியங்களுக்கு எழுதப்பட்ட இசையை வாயால் முணுமுணுத்துப் பாடினார்கள். டிரைபர்க் மனதில் இருந்ததைத் தாளில் எழுதிக் கொடுக்க, சேம்பர்ஸ் முன்னின்று நடத்தினார். 1943 டிசம்பர் 27ஆம் திகதி முதல் கச்சேரி நடந்தது.

பாடியவர்களில் பலர் உயிரோடு வெளியே வரவில்லை. டிரைபர்க் 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன் இறந்தார். பாட்டு அவர்களுக்குச் சோறு போடவில்லை, மருந்து தரவில்லை. ஆனால் பாடிய நேரத்தில் தாங்கள் கைதிகள் என்பதை மறந்திருந்ததாகத் தப்பிப் பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அவர்கள் காப்பாற்றிய தாள்களைக் கொண்டு 1980களில் அமெரிக்காவில் ஒரு பெண்கள் குழு அந்த இசையை மீண்டும் பாடியது.

ஏன் கூடிப் பாட வேண்டும்?

பாட்டு மனக்காயத்துக்கு முழு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காணாமற் போனவரைப் பாட்டு கொண்டு வந்து தராது. தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமானால் வைத்தியரையோ உளவளத் துணையாளரையோ நாட வேண்டும்.

ஆனால் கூடிப் பாடுவதால் உடலில் ஏதோ நடக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. சுவீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒன்றோடொன்று இசைந்து ஏறி இறங்குவது தெரியவந்தது. காரணம் மிக எளிது. ஒரே வரியைப் பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கிறார்கள். மூச்சு ஒத்துப்போக, நெஞ்சும் ஒத்துப்போகிறது. இங்கிலாந்தில் 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு, கைவேலை வகுப்பிலும் எழுத்து வகுப்பிலும் சேர்ந்தவர்களைவிடப் பாட்டு வகுப்பில் சேர்ந்த புதியவர்கள் விரைவாக நெருக்கமானதைக் கண்டது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் அருகருகே குடியேறிய மீள்குடியேற்றக் கிராமங்களுக்கு இது பொருத்தமான செய்தி.

பெரிய குழுக்களில் இன்னொரு முறையும் உண்டு. ஒரு நீண்ட ஒலியை இடைவிடாமல் பிடிக்க வேண்டியபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்செடுக்கமாட்டார்கள். ஒருத்தி நிறுத்தி மூச்சு வாங்கும்போது அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். அவள் திரும்பி வந்து சேர்ந்ததும் இவள் நிறுத்துவாள். கேட்கிறவருக்கு அறுந்த இடமே தெரியாது. யுத்தத்துக்குப் பின் நம் பெண்கள் பலருக்குக் கிடைக்காதது இதுதான். ஒரே ஆளாக நின்று, உழைத்து, பிள்ளை வளர்த்து, தேடி, அலைந்து, மூச்சு வாங்க இடமில்லாமல் வாழ்கிறோம். பாட்டிலாவது ஒரு மணி நேரம், நான் நிறுத்தினாலும் சத்தம் நிற்காது என்ற நம்பிக்கையை அனுபவிக்கலாம்.

நாமும் தொடங்கலாம்

இதற்குக் காசு வேண்டியதில்லை. எட்டுப் பேர் போதும். மாதர் சங்கக் கட்டடம், முன்பள்ளி, கோவில் மடம், யாராவது ஒருவர் வீட்டு மாமர நிழல், எதுவும் ஆகும். கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம்.

வட்டமாக உட்காருங்கள். வரிசையாக உட்கார்ந்தால் முதுகுதான் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டில் தொடங்குங்கள். தாலாட்டுத் தெரியாத பெண் அநேகமாக இல்லை. ஒவ்வொருத்தியும் தன் தாய் பாடிய தாலாட்டைப் பாடிக் காட்டட்டும். மலையில் பாடியதும் வன்னியில் பாடியதும் மட்டக்களப்பில் பாடியதும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். கரையோரத்தவர்கள் என்றால் வலை இழுக்கும் அம்பாப் பாட்டை ஆண்களிடம் கேட்டுக் கற்கலாம். அதுவும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கும் பாட்டுத்தான்.

எடுத்துக் கொடுப்பவர் தன் குரலுக்கு வசதியான உயரத்தில் தொடங்கக் கூடாது. குழுவில் மிகவும் தாழ்ந்த குரல் உள்ளவருக்கு எட்டும் உயரத்தில் தொடங்க வேண்டும். ஓர் அடியை இரண்டு தடவை தனியே பாடிக் காட்டி, பின்னரே மற்றவர்களைப் பாடச் சொல்ல வேண்டும். கையை மேலே தூக்கினால் மூச்செடுப்பது, கீழே இறக்கினால் தொடங்குவது என்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். சுருதி சேராதவரை வெளியே அனுப்ப வேண்டாம். நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவே உட்கார வையுங்கள். சில கிழமையில் காது பழகிவிடும். பாட விருப்பமில்லாதவர் தாளம் போடட்டும், அதுவும் வேண்டாமென்றால் உட்கார்ந்து கேட்கட்டும். யாரையும் வற்புறுத்தக் கூடாது.

ஒரு பாட்டின் நடுவே ஒருவர் அழக்கூடும். அப்போது பாட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டு எல்லோரும் அவரைப் பார்த்தால் அவருக்குக் கூச்சமாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ள, பாட்டு மெதுவாகத் தொடரட்டும். நம் ஒப்பாரியில் நடந்ததும் அதுதான். தோளில் கை போட்டு உட்கார்ந்த பெண்கள், அழுகிறவளை அழ விட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து தாங்கள் எடுத்தார்கள்.

எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் மாதம் ஒருவராக மாற்றுங்கள். கூத்தில் பின்பாட்டுக்காரராக நின்று பழகியவர்தான் அடுத்த மாஸ்டரானார் என்பதை நினைவில் வையுங்கள். பெண்களுக்கு அந்த இடத்தைத் தர யாரும் வரப்போவதில்லை. நாமே எழுந்து நின்று, கையைத் தூக்கி, மற்றவர்கள் மூச்செடுத்துவிட்டார்களா என்று பார்த்துத் தொடங்க வேண்டியதுதான்.

கூடும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கள். வயதான அம்மாமார் பாடுவதை, அவர்கள் சொல்லும் விதத்திலேயே, பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதி வையுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த பாட்டுகளுக்குச் சொந்தக்காரிகளின் பெயர் நமக்குத் தெரியாமற் போயிற்று. உங்கள் கொப்பியில் அந்தப் பெயர்கள் இருக்கட்டும்.